பிழையின் வழித்தடம்

இசை பயிலும் மாணவன் தவறாகப் பாடும்போது ஆசிரியரின் செவிக்கு எட்டுவது தவறு மட்டுமே. எவ்வழியே அவன் அதை வந்தடைந்தான் என்பது மறைந்துபோகிறது. அவ்வழியைக் காண முற்பட்டோரின் வரலாற்றில் கணிப்பொறிக்கும் ஓர் இடம் உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன், ஆல்வின் ஆகிய இருவர், மாணவர் பாடும் சுருதியைப் பொறியே அளந்து மதிப்பிடும் முறையை 1967இல் வெளியிட்டனர். 1970களின் நடுவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெட் ஹாஃப்ஸ்டெட்டர் 'கைடோ' என்னும் செவிப்பயிற்சி மென்பொருளை உருவாக்கினார். 11ஆம் நூற்றாண்டின் இசையாசிரியரான துறவியின் பெயர் அது. மாணவர் தந்த விடைகள் பதிவாகி ஆய்வுக்கும் உதவின. ஆயினும் பொறி அங்கே தேர்வாளராகவே வீற்றிருந்தது.

அவ்விருக்கையிலிருந்து அதனை இறக்கியவர் ஜீன் பாம்பெர்கர் அம்மையார். ஆர்தர் ஷ்னாபெலிடம் பயின்ற பியானோக் கலைஞரான அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லோகோ ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையைப் பற்றி 1972இல் எழுதினார். மெட்டொன்றைச் சிறு துண்டுகளாக்கித் தருவார். மாணவர் அவற்றை அடுக்கி முழுமையாக்க வேண்டும். அடுக்கியதைப் பொறி உடனே இசைத்துக் காட்டும். சரியென்றோ தவறென்றோ சொல்லாது.

'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டை நம் சுரங்களில் வைத்துப் பார்ப்போம். 'ஸஸபபததப', 'மமககரிரிஸ', 'பபமமககரி' என மூன்றே துண்டுகள். 1, 2, 3, 3, 1, 2 என அடுக்கினால் முழுப்பாட்டும் அமைந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விதமாய் இறங்குபவை. ஆனால் முன்னது ஸட்ஜத்தில் அமைதி கொள்கிறது. பின்னது ரிஷபத்தில் தொங்கி நிற்கிறது. மூன்றாவதைக் கொண்டு பாட்டை முடிக்க முயல்பவன், அது முடியவில்லை என்பதைத் தன் காதாலேயே உணர்கிறான். அவன் அடுக்கிக் கலைத்த வரிசைகளே அவன் சிந்தனைக்குச் சான்று. 2000இல் வெளியான தம் நூலுடன் 'இம்ப்ராம்ப்டு' என்னும் மென்பொருளையும் வழங்கிய அம்மையார், தாம் எடுக்கும் முடிவுகளைக் குறித்து வருமாறு மாணவரைப் பணித்தார்.

கவிஞர்களுக்கு இது புதிதன்று. அச்சேறிய கவிதை முடிவை மட்டும் காட்டும். அடித்தலும் திருத்தலும் மலிந்த கையெழுத்துப் படியோ நடந்த வழியைக் காட்டும். பத்தாண்டுகளாய் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுக் குறைகண்டு வந்த நாம், இனி அவ்வழியையும் கேட்டறிவோமாக.