ஒடவாராவில் கடன் தீர்த்த சிக்கனம்

ஜப்பான் தேசத்து ஒடவாரா சமஸ்தானத்தின் பிரதம அதிகாரிகளுள் ஒருவரான ஹட்டோரி என்பாரின் குடும்பம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வருமானத்தை மிஞ்சிச் செலவு செய்து ஆயிரம் ரியோ பொன்னுக்கு மேல் கடன்பட்டு மானம் குலையும் தறுவாயில், 1791-இல் ஆற்று வெள்ளம் பாழாக்கிய தம் குடும்ப நிலத்தை அயராத உழைப்பினால் மீட்டெடுத்த நினோமியா ஸொன்டோகு என்னும் விவசாயியிடம் தன் நிர்வாகத்தை ஒப்படைத்தது. சோறும் சாறுமே உணவு, பருத்தியே உடை, அநாவசியப் பொருள் எதுவும் ஆகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள்.

ஆனால் நிபந்தனையினால் மட்டும் சிக்கனம் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே, அடுக்களைப் பணிப்பெண்களுக்குப் பானையின் அடிக்கரியைச் சுரண்டி விறகை மிச்சப்படுத்தக் கற்பித்து, மிஞ்சிய விறகை அவர்களிடமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டார் என்று அவருடைய சரித்திரம் கூறும். எஜமானரின் செலவு குறையக் குறையப் பணியாளின் கையிலும் காசு சேர்ந்த இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் போற்றுகிறேன். பலன் கண்ணுக்குப் புலப்படாத விரதம் எத்தகைய திடசித்தரையும் வாட்டிவிடும். பின்னர், 1820-இல், வட்டியின்றிக் கடன் கொடுத்து, ஒருவர் தவறினால் உடனிருப்போர் பொறுப்பேற்கும் பரஸ்பர நிதியொன்றையும் அவர் ஒடவாராவில் ஏற்படுத்தினார்.

ஹட்டோரி குடும்பத்தின் கடன் சில ஆண்டுகளில் தீர்ந்தது. ஸொன்டோகு 1856-இல் காலமான பின்னரும், அவர் வழிவந்தோர் நடத்திய ஹோடோகு சங்கங்கள் ஜப்பானியக் கிராமங்களில் சேமிப்புக்கும் கடன் நிவாரணத்துக்கும் துணைநின்றன.