கட்டைமேல் ஏறிய கார்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது என் காரை வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். மறுபடி அதன் கதவைத் திறந்தது ஆகஸ்டில். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. பின்சக்கரம் ஒன்று தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் எலி குடும்பம் நடத்திய தடயங்கள். மகிழுந்து என்று எழுதவே கை கூசியது. மகிழ்வும் இல்லை, உந்துதலும் இல்லை. பழுதுபார்க்க வந்த முதியவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுற வண்டியைவிட நிக்கிற வண்டியைத்தான் சார் நல்லாப் பாத்துக்கணும். நாலு கட்டையைக் குடுத்துத் தூக்கி வச்சிருக்கலாமே" என்றார்.

அந்த நாலு கட்டை என் நினைவை இரண்டாம் உலகப்போர்க் கால இங்கிலாந்துக்கு இழுத்துச் சென்றது. ஒரு தேசமே தன் கார்களைக் கட்டைமேல் ஏற்றிவைத்த காலம் அது.

1939இல் பிரிட்டனில் ஏறத்தாழ 20 இலட்சம் தனியார் கார்கள் இருந்தன. போர் மூண்ட அதே செப்டம்பரில் பெட்ரோல் பங்கீட்டு முறை வந்தது. எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கடல்கடந்து வரவேண்டிய நாடு அது. கப்பல்களையோ ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. முதலில் ஒவ்வொரு காருக்கும் அடிப்படைப் பங்கு என்று ஓர் அளவு கிடைத்தது. 1942 ஜூலையில் அதுவும் நின்றது. மருத்துவர், விவசாயி போன்று இன்றியமையாத தேவையுள்ளவர்க்கு மட்டுமே பெட்ரோல். 1943இல் சாலையில் ஓட உரிமம் பெற்றிருந்த தனியார் கார்கள் எட்டு இலட்சத்துக்கும் குறைவு. மற்றவை கொட்டகைகளிலும் வைக்கோற்பரண்களின் அடியிலும் உறங்கின.

உறங்கின என்று எழுதிவிட்டேன்; சொல் பொருந்தவில்லை. நிற்கும் காருக்குள் இரவும் பகலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டேயிருக்கிறது. ஈய அமிலப் பேட்டரி பயன்படாமலே தன் மின்னை இழக்கும். இழந்தபின் அப்படியே விட்டால் அதன் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து மறுபடி மின்னேற்ற முடியாமற்போகும். பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது பிசினாகக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பழைய எஞ்சின் எண்ணெயில் கலந்திருக்கும் அமிலமும் ஈரமும் தாங்கிகளை மெல்ல அரிக்கும். இங்கிலாந்தின் குளிரில் ரேடியேட்டர் நீர் உறைந்து விரிந்தால் இரும்பு வார்ப்பே வெடித்துவிடும்.

ஆகவே காரை நிறுத்திவைப்பது ஒரு சடங்குபோல் நடந்தது. நீரையும் பெட்ரோலையும் வடித்தார்கள். பழைய எண்ணெயை மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் ஊற்றி, கைப்பிடியால் எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்றினார்கள். உள்சுவர் துருப்பிடிக்காதிருக்க இந்த ஏற்பாடு. பேட்டரியைக் கழற்றி, அவ்வப்போது மின்னேற்ற ஓரிடத்தில் ஒப்படைத்தார்கள். கிளட்ச் தகடு ஒட்டிக்கொள்ளாதிருக்க மிதியை அமுக்கி ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்தார்கள். கைபிரேக்கை விடுவித்தார்கள், இல்லையேல் அதுவும் ஒட்டிக்கொள்ளும். இருக்கைகளில் அந்துருண்டை. இவற்றுக்கும் முன்பே, 1940இல், ஜெர்மானியர் படையிறங்கக்கூடும் என்ற அச்சத்தில், ஆளில்லாமல் நிற்கும் வண்டி எதையும் எதிரி ஓட்டிச்செல்ல இயலாதபடி முடக்கிவைக்கவேண்டும் என்று விதி வந்திருந்தது. டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் சுழல்கை என்ற சிறு துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும், கார் நகராது. போர் முடிந்தபின் அந்தத் துண்டை எங்கே வைத்தோம் என்று வீடெங்கும் தேடியவர்கள் எத்தனை பேரோ!

எல்லாவற்றிலும் தலையாயது அந்த நாலு கட்டை. அச்சுகளுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வைத்தார்கள். காரின் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் டயர் அவ்விடத்தில் தட்டையாகிவிடும். வெயிலும் காற்றும் பட்டால் இரப்பர் வெடித்து உதிரும். முன்னெல்லாம் டயர் கெட்டால் புதிது வாங்கலாம். 1942 பிப்ரவரி 15க்குப் பிறகு அப்படியில்லை. அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா அதற்கு முன்பே போயிருந்தது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மார்ச்சில் போயின. உலகின் இயற்கை இரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஜப்பானியர் வசமாயிற்று. தன் மண்ணிலேயே பெட்ரோல் ஊறிய அமெரிக்காவும் 1942 டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோலுக்குப் பங்கீடு கொண்டுவந்தது. பெட்ரோல் இல்லாமலன்று, ஓட்டத்தைக் குறைத்து டயரைக் காப்பதற்காக.

அந்த டயரின் மறுமுனையில் நம்மவர்கள் இருந்தார்கள். விடியலுக்கு முன் எழுந்து, மலாயாத் தோட்டங்களில் பட்டையைச் சீவி, சொட்டும் பாலைக் கோப்பையில் ஏந்தியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். பால்வெட்டு என்பது அவர்கள் தொழிலுக்கு அங்கு வழங்கிய பெயர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பிரிட்டிஷ் அரசு படையை அனுப்பி அடக்கியது, உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டிலிருந்து, ஒரு டயருக்காக ஏங்கிய இங்கிலாந்துக்கு அந்தக் கூலி நினைவுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

ஜப்பானிய ஆட்சியில் இரப்பரை வாங்க மேற்குச் சந்தை இல்லை. தோட்டங்கள் நின்றன, வேலையும் அரிசியும் இல்லை. இங்கிலாந்தில் நின்றுபோன காருக்குக் கட்டையும் எண்ணெயும் கிடைத்தன. நின்றுபோன தோட்டத்துத் தொழிலாளிக்கு வந்தது சயாமுக்குச் செல்லும் ரயில். நல்ல கூலி என்ற வாக்குறுதியாலும், பின்னர் வன்முறையாலும் பல்லாயிரவர் திரட்டப்பட்டு, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட அனுப்பப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர்க்கு ஒழுங்கான பதிவேடே இல்லை. மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை இவர்களைப் பற்றித்தான் எழுதினார்.

1945 ஜூனில் பிரிட்டனில் அடிப்படைப் பங்கு மீண்டும் கிடைத்தது. கொட்டகைகள் திறந்தன. முறையாகக் கட்டையேற்றிய கார்கள் எழுந்து ஓடின. புதிய கார்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போனதால் போருக்கு முந்தைய பழைய வண்டிக்குப் பெருமதிப்பு. மலாயாவிலோ மரங்கள் மூன்றரை ஆண்டுகளாகப் பெரும்பாலும் வெட்டப்படாமல் நின்றிருந்தன. உணவுப் பயிருக்காகச் சில தோட்டங்கள் அழிக்கப்பட்டிருந்தாலும், எஞ்சிய மரங்களில் பட்டை தடித்து வளர்ந்திருந்தது. சீவினால் பால் நன்றாகச் சுரந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்கள் கத்தியும் வாளியுமாக மறுபடி வரிசையில் நின்றார்கள். பல வீடுகளில் அப்பனும் அண்ணனும் வந்து சேரவில்லை.

எங்கள் வாசலில் கார் இப்போது ஓடுகிறது. பேட்டரி புதிது, டயர் இரண்டு புதிது. அந்த முதியவர் சொன்னபடி நான்கு கட்டைகளை அறுத்து, மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.