ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் சரியாகிடுமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

'பைபாஸ் வேண்டாம், ஒரே ஒரு ஸ்டெம் செல் ஊசி போதும்' என்கிற வீடியோ உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குப் போய்வரும் அப்பாவுக்கு அட்டாக் வந்து, இதயம் பலவீனமாகிடுச்சுன்னு வைங்க. படகை வித்தாவது அந்த ஊசியைப் போட்டுடலாமான்னு வீட்டில் பேச்சு ஓடும். கொஞ்சம் பொறுங்க.

விசைப்படகு இன்ஜின் பழுதானால் கரையில் நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். இதயத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. அதன் தசை செல்களில், 25 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவிகிதம்தான் புதுசாகின்றன. வயசாக ஆக அதுவும் குறையும். அதனால் அட்டாக்கில் தசை செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். தழும்பு துடிக்காது.

இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது. 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனகா, எலியின் முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கினார். அடுத்த ஆண்டே மனித செல்லிலும் அது நடந்தது. 2012-ல் நோபல் பரிசு! இப்போது உங்க ரத்தத்தில் எடுக்கும் செல்லில் இருந்து, லேப் தட்டில் தானாகத் துடிக்கும் இதயத் தசையை வளர்க்கலாம்.

இதில் நமக்கு என்ன? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பி.எஸ்.தண்டபாணி உள்ளிட்ட குழு, 2009-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டது. இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு ஜீனில் 25 'எழுத்துகள்' விடுபட்டிருந்தால் தசை நோய்க்கான ஆபத்து கூடுகிறது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவிகிதம் பேருக்கு இந்த விடுபடல் இருக்கிறது. ஆனால், அத்தனை பேருக்கும் நோய் வருவதில்லை. ஏன்? உயிரோடு இருப்பவரின் இதயத்தை வெட்டியா பார்க்க முடியும்? அவரது செல்லில் வளர்த்த தசை எப்படிச் சுருங்குது, மருந்து விட்டா என்ன ஆகுதுன்னு தட்டிலேயே பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஸ்டெம் செல்லின் இன்றைய நிஜமான பலன் இதுதான்.

ரிப்பேர்? அது இன்னும் பரிசோதனைக் கட்டத்தில்தான். 2020-ல் ஜப்பானின் ஒசாகாவில் இதயத் தசைத் தாளை நோயாளிக்கு ஒட்டினார்கள். ஜெர்மனியில் 46 வயதுப் பெண்ணுக்கு 2021-ல் இப்படி ஒரு 'பேட்ச்' வைத்தார்கள். அதுவும் மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். புது செல்கள் தாளம் தப்பித் துடிக்கலாம், கட்டியாகலாம் என்ற பயம் இருப்பதால் மெதுவாகத்தான் போகிறார்கள்.

நம் நாட்டில் 2017-ன் தேசிய வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். 'லட்சங்கள் கட்டுங்க, உடனே ஊசி' என்றால் எழுந்து வந்துடுங்க. ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ பதிவு எண் கேளுங்க, அதை ஆன்லைனில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அப்பா சாப்பிடும் மாத்திரையை மட்டும் இந்தக் குழப்பத்தில் நிறுத்திடாதீங்க. மறுபடி நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்க. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.