நிறம் மாறும் ஓதி: சங்கப் பாலைப் பாட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையம் வரை

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் ‘ஓதி’ என வரும் ஊர்வன உயிரை இக்கால உரைநூல்கள் சில இடங்களில் பச்சோந்தி என்றும் சில இடங்களில் ஓணான் என்றும் பொருள்கொள்கின்றன. இக்கட்டுரை பாடற்செய்தி, திராவிட மொழிகளின் சொல்வழக்கு, விலங்கியற் சான்று ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து அவ்வுயிர் ஓணானே எனக் கருதுகிறது. நிறமாற்றத்தைப் பழந்தமிழர் எவ்வாறு கண்டனர், பிற்காலத்தார் எவ்வாறு கண்டனர் என்பதையும், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி வட்டாரச் செய்திகள் சிலவற்றையும் உடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓதி, ஓந்தி, கோம்பி, பச்சோந்தி, நற்றிணை, குறுந்தொகை, திருமாலை.

முன்னுரை

‘பச்சோந்தி’ என்ற சொல் இன்றைய மேடைத் தமிழிலும் செய்தித்தாள் தமிழிலும் ஒரு வசைச்சொல்லாகவே பெரிதும் வழங்குகிறது. சூழலுக்கேற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு பிறரை ஏய்ப்பது அவ்விலங்கின் இயல்பு என்ற எண்ணமே அவ்வசைக்கு அடிப்படை. அவ்வெண்ணம் விலங்கியல் நோக்கில் பெரும்பாலும் பிழையானது. தமிழின் மிகப் பழைய சான்றுகளோ அவ்வாறு சொல்லவே இல்லை. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. ஓர் உயிரின் நிறத்தை எவ்வாறு படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதனை நடத்தும் முறையும் அமைகிறது.

பாடல்கள் தரும் செய்தி

இரண்டு பாடல்கள் இங்கு முதன்மையானவை. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 140ஆம் பாட்டில் முதிய ஆண் ஓதி ஒன்று வருகிறது. அதன் முதுகு அரம் போன்ற கருக்குடையது. பாலை வழியே செல்வோர் அதனைக் கண்டு நிமித்தம் கொள்கின்றனர். நற்றிணை 186ஆம் பாட்டும் பாலைத்திணையே. பிடிக்காகக் களிறு கையில் நீர் முகந்து செல்லும் வறண்ட காட்டில், வேனிற்கால ஓதியின் முதிய ஆண், நிறம் வேறுபடும் தன்மையதாகச் சொல்லப்படுகிறது. பாணர் யாழ் இயக்க, அது அருகிலுள்ள உயர்ந்த யா மரத்தின்மேல் ஏறுகிறது. 1915இல் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையுடன் நற்றிணை அச்சேறிய பிறகே இப்பாட்டு பலர் கைக்கும் எட்டியது.

இவ்விரு பாடல்களிலும் நாம் கருதவேண்டியது, புலவர் எதைச் சொன்னார் என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதும் ஆகும். பச்சோந்தியை ஒருமுறை கண்டவர் மறக்கவியலாத உறுப்புகள் உள: தனித்தனியே சுழலும் கூம்புக் கண்கள், உடல் நீளத்தையும் விஞ்சிப் பாயும் நாக்கு, குறடு போல இரண்டாகப் பிளந்த பாதம், சுருண்ட வால், காற்றில் அசையும் இலைபோல ஆடி ஆடி வைக்கும் நடை. இவற்றுள் ஒன்றேனும் இவ்விரு பாடல்களில் இல்லை. நுண்ணிய உற்றுநோக்கலுக்குப் பெயர்பெற்ற பாலைப் புலவர்கள் இவை அனைத்தையும் விட்டுவிட்டு முதுகின் கருக்கை மட்டும் பாடினர் எனக் கொள்வது அரிது. பச்சோந்தியின் முதுகிலும் சிறு பற்கள் போன்ற வரிசை உண்டு என்பது உண்மையே. ஆயினும் பிடரியிலும் முதுகிலும் முட்களாக நிமிர்ந்து தொலைவிலிருந்தே புலப்படுவது ஓணானின் கருக்கு.

இனி, நிறமாற்றம். பச்சோந்தி எனப்படும் கமீலியோ சைலானிகஸ் இனத்தில் ஆண் பெண் இரண்டுமே நிறம் மாறும். அம்மாற்றம் ஆண்டு முழுவதும் நிகழும். நற்றிணைப் பாட்டோ மூன்று வரையறைகளைச் சேர்த்துச் சொல்கிறது: பருவம் வேனில், பால் ஆண், வயது முதிர்ச்சி. இம்மூன்றும் ஒருங்கே பொருந்துவது ஓணானுக்குத்தான். இனப்பெருக்கக் காலம் வந்ததும் முதிர்ந்த ஆண் ஓணானின் தலையும் தோளும் கழுத்தும் செம்மஞ்சளாகவும் செந்நிறமாகவும் மாறுகின்றன. தொண்டையின் இரு புறமும் கருந்திட்டு தோன்றுகிறது. பெண்ணும் இளைய ஆணும் மங்கிய பழுப்பாகவே இருக்கும். இச்செந்தொண்டையைக் கண்டே இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதற்குக் ‘குருதி உறிஞ்சி’ என்று பொருள்படும் பெயரிட்டனர். அது எவர் குருதியையும் உறிஞ்சுவதில்லை. 1802இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தொதேன் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது ‘பல நிறமுடையது’ எனப் பொருள்படும் வெர்சிகலர் என்ற சொல்லைத் தேர்ந்தார். நற்றிணைப் புலவர் அதே பண்பைப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பருவமும் பாலும் சுட்டி இன்னும் திருத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

யாழ்ச் செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. பச்சோந்திக்குப் புறச்செவித் துளை இல்லை. அதன் கேட்கும் ஆற்றல் தாழ்ந்த ஒலிகளின் ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்குவது. ஓணானுக்கோ கண்ணின் பின்னே செவிப்பறை வெளிப்படையாகத் தெரியும். யாழொலி கேட்டு மரமேறும் உயிராகப் புலவர் காட்டுவது செவியுடைய உயிரையே எனக் கொள்வது பொருத்தம். பாட்டு ஆய்வுக்கூடக் குறிப்பன்று என்ற மறுப்பு எழலாம். ஏற்கத்தக்க மறுப்பே, ஆகவே இச்சான்றைத் தனித்து நிறுத்தாமல் முன்னவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

சொல்வழக்கு

திராவிட மொழிகளின் வழக்கும் இப்பக்கமே சாய்கிறது. கன்னடத்தில் ‘ஓதி’ என்பது இன்றும் ஓணானைக் குறிக்கும். பச்சோந்திக்கு அங்கே ‘கோசும்பெ’ என்ற வேறு சொல் உண்டு. மலையாளத்தில் ‘ஓந்து’ பொதுப்பெயர். பச்சோந்தியைச் சுட்டுவதற்கு ‘மரயோந்து’ என அடை சேர்க்கின்றனர். தமிழில் ‘பச்சோந்தி’யும் அவ்வகைத் தொகைச்சொல்லே: பச்சை, ஓந்தி. அடையின்றி ‘ஓந்தி’ என்றாலே அறியப்பட்ட ஓர் உயிர் முன்னரே இருந்தாலன்றிப் பச்சை என்ற அடைக்குத் தேவை எழாது. அவ்வடையற்ற ஓந்தி, வேலிதோறும் காணப்பெறும் ஓணானாகவே இருத்தல் வேண்டும்.

‘கோம்பி’ என்ற சொல்லின் வரலாறு தனி. திருக்கோவையாரில் கோம்பிக்கு அஞ்சி ஒதுங்கும் மயில், பாம்பைப் பிடித்துப் படத்தைக் கிழிக்கும் உவமை வருகிறது. எளிய உயிருக்கு அஞ்சுவோர் கொடிய உயிரை வெல்லும் வியப்பே அங்கு பொருள்; நிறம் பேசப்படவில்லை. பின்வந்த சொற்றொகுப்பு மரபு ஓதி, ஓந்தி, கோம்பி முதலியவற்றை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கியது. செய்யுள் இயற்றுவார்க்கு அது பேருதவி; உயிரினங்களைப் பிரித்தறிய விழைவார்க்கு அதுவே பெருந்தடை. இன்றைய உரைகளின் மயக்கத்திற்கு அவ்வடுக்கும் ஒரு காரணம் எனலாம்.

பழமொழிகள் ஓணானை அறிந்த அளவு பச்சோந்தியை அறியவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பது கூட்டுப் பொய்யைக் குறிப்பது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை, வலிய வருவித்த துன்பத்தைக் குறிப்பது. ஊர்வனவற்றைச் செல்லமாக வளர்ப்பது பற்றித் தமிழ்ப் பழமொழி கூறும் ஒரே கருத்து இதுவாகத்தான் இருக்கும். இரண்டிலும் நிறமாற்றம் இல்லை என்பது நோக்கத்தக்கது.

திருவரங்கத்து அணிலும் நாட்டார் கதை ஓணானும்

ஓணானின்மேல் படிந்த பழி நிறத்தால் வந்ததன்று, கதையால் வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சிறுவர்களிடையே ஒரு கதை பரவலாக வழங்கியது: இராமனுக்கு அணில் உதவியது, நீர்வேட்கையுற்ற அவனை ஓணான் இழிவுசெய்தது. ஆகவே அணிலைக் காக்க வேண்டும், ஓணானை அடிக்க வேண்டும் என்பது சிறார் நீதி. ஈர்க்கிலோ புல்தண்டோ கொண்டு சுருக்கிட்டு ஓணான் பிடிப்பது தலைமுறைகள் கண்ட விளையாட்டு.

இக்கதையின் அணிற்பகுதிக்குத் தமிழில் பழைய எழுத்துச் சான்று திருவரங்கத்தோடு பிணைந்தது. அரங்கனுக்கு நந்தவனம் அமைத்துத் தொண்டுசெய்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாடிய திருமாலை 45 பாசுரங்களைக் கொண்டது. அதன் 27ஆம் பாசுரத்தில் அணில் வருகிறது: நீரில் மூழ்கி, மணலிற் புரண்டு, கடலை அடைக்க ஓடுகிறது. அவ்வணிலின் தூய உள்ளத்தளவும் தமக்கு இல்லையே என ஆழ்வார் தம்மையே நொந்துகொள்கிறார். அப்பாசுரத்தில் அணிலின் முதுகில் மூன்று கோடு விழுந்த செய்தி இல்லை, ஓணானும் இல்லை. நன்மைக்கு எதிரே ஒரு தீமையை நிறுத்த விழையும் நாட்டார் கதைமரபு பின்னர் வேலியில் அகப்பட்ட உயிரை அவ்விடத்தில் வைத்தது போலும். ஆழ்வார் தம்மைக் கடிந்துகொள்ள எடுத்த அணில், வழக்கில் ஓணானைக் கடிவதற்குக் கருவியானது விந்தையே.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவின் தோப்புகளிலும் வேலிகளிலும் ஓணானை இன்றும் எளிதிற் காணலாம்.

நிறத்தின் பொருள்: மேலைச் சான்றும் இக்கால அறிவியலும்

அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் பச்சோந்தியின் உடலமைப்பை விரிவாக எழுதினார். காற்றால் உடல் உப்பும்போது நிறம் மாறுகிறது என்றார். அஃதாவது, காரணத்தை உடலின் உள்ளே தேடினார். உரோமானியரான பிளினியோ, அது தன் அருகிலுள்ள பொருளின் நிறத்தை ஏற்கும் என்றும் சிவப்பும் வெள்ளையும் மட்டும் விலக்கு என்றும் எழுதினார். உலகம் பிளினியை நம்பியது. இன்றைய ‘பச்சோந்தி’ வசைக்குப் பின்னால் இருப்பதும் அதே கருத்துதான்.

2008இல் டெவி ஸ்டுவர்ட்-ஃபாக்ஸ், அட்னன் மௌசல்லி இருவரும் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஒப்பிட்டு, நிறமாற்ற ஆற்றல் பெருகியதற்குத் தம்மினத்தோடு பேசும் தேவையே காரணம், பின்புலத்தில் ஒளியும் தேவை அன்று எனக் காட்டினர். ஏமன் நாட்டுப் பச்சோந்தியில் ஆண்கள் மோதும்போது தலையின் நிறம் விரைந்து ஒளிர்வதே வெல்லும் என்பதும், தோற்றது கருத்துப்போய்ப் பணிவைத் தெரிவிக்கும் என்பதும் அமெரிக்க ஆய்வுகளால் வெளிப்பட்டன. 2015இல் ஜெனீவா ஆய்வாளர்கள் இதன் பொறியமைப்பை விளக்கினர். தோலில் குவனின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் அடுக்காக உள்ளன. அமைதியான நிலையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன; மேலுள்ள மஞ்சள் நிறமியோடு அது கலந்து பச்சையாகத் தோன்றுகிறது. கிளர்ச்சியுற்றதும் படிகங்களின் இடைவெளி விரிந்து மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன.

தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணானைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆண், எதிரி ஆணைக் காணும்போது முதுகு மஞ்சளாகவும் பக்கங்கள் செம்மஞ்சளாகவும் மாறுகின்றன. பெண்ணைக் காணும்போது முதுகு சிவந்து பக்கங்கள் கருக்கின்றன. நிறம் இங்கே ஒளிவதற்கன்று, தெரிவதற்கு. வேனிலையும் ஆண்மையையும் நிறமாற்றத்தோடு இணைத்த நற்றிணைச் செய்தி பிளினியின் கூற்றினும் இவ்வாய்வுகளுக்கு அணித்தாக நிற்கிறது.

வளர்ப்பும் சட்டமும்

உலகின் பல நாடுகளில் ஏமன் பச்சோந்தியும் மடகாஸ்கர் நாட்டுச் சிறுத்தைப் பச்சோந்தியும் வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. அங்கே நிறத்தைப் பிழையாகப் படிப்பது உயிர்க்கேடு. குளிர்ந்த காலையில் கருத்திருப்பது வெயிலை ஈர்ப்பதற்காக; வெயில் ஏறிய பின்னும் கருமை நீங்காவிட்டால் அச்சம், நெருக்கம், நோய் ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறல் வேண்டும். உறங்கும்போது வெளிறுவது இயல்பு. சூல்கொண்ட ஏமன் பச்சோந்திப் பெண் கரும்பச்சையில் நீலமும் மஞ்சளுமான புள்ளிகளைக் காட்டும். அது ஆணை விலக்கும் குறி. அழகென்று எண்ணிக் கூண்டில் ஆணையும் உடன் விடுவோர் அதன் மொழியை மாற்றிப் படிப்பவராவர். முட்டையிடப் புதைமண் கிட்டாத பெண், முட்டை தங்கி இறத்தலும் உண்டு.

இந்தியாவில் நம் நாட்டுப் பச்சோந்தியை வளர்ப்பதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. பிடித்தலும் வைத்திருத்தலும் விற்றலும் குற்றம். அயல்நாட்டு இனங்களின் நிலை வேறு. பச்சோந்திகள் 1977 முதல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும் இப்பட்டியல் உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையவாயிலில் பதிவுசெய்ய வேண்டும் என வகுத்தன.

இவ்விதிகளின் தேவையைத் திருச்சிராப்பள்ளி நேரிற் கண்டது. 2023 சூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளையும் 2 பல்லியின உயிர்களையும் சுங்கத்துறையினர் கண்டெடுத்தனர். துளையிட்ட சிறு பெட்டிகளில் அவை அடைக்கப்பட்டிருந்தன. வழிச்செல்வோர் ஓதியை நின்று நோக்கி நிமித்தம் கேட்ட குறுந்தொகைப் பாலையில், அவ்வுயிர் தன் மரத்தில் இருந்தது.