அரைத்தவர்களின் பற்கள்

மாட்டுச் சந்தையில் தரகர் முதலில் வாயைத்தான் பிளந்து பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்தாச்சா என்பதை வைத்து வயசும் விலையும் தீர்மானமாகும். அமெரிக்க அடிமைச் சந்தைகளில் மனிதர்களின் வாயையும் இப்படித்தான் பிளந்து பார்த்தார்கள். பல்லைப் பார்ப்பது அதிகாரத்தின் பார்வையாக இருந்துவந்திருக்கிறது. தொல்மானிடவியலாளர் ஒரு தாடையெலும்பைக் கையில் எடுக்கும்போதும் இதை மறந்துவிட முடியாது. ஆனாலும் எழுத்துக்கு முந்திய காலத்து மனிதர்களைப் பற்றி, அதிலும் பெண்களைப் பற்றி, யாராவது பேசியிருக்கிறார்கள் என்றால் அந்தப் பல்லைப் படித்தவர்கள்தான்.

காரணம் எளியது. எலும்பு உயிருள்ளவரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் எனாமல் அப்படி இல்லை. சிறுவயதில் உருவானதோடு சரி, தேய்ந்தது தேய்ந்ததுதான். குழந்தையாக இருந்தபோது அனுபவித்த பட்டினியும் கடும் நோயும்கூட அதில் குறுக்குக் கோடுகளாக நின்றுவிடும்.

வட சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்தது அபூ ஹுரைரா. வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்தவர்கள் குடியேறிய ஊர். பிறகு விவசாயத்துக்கு மாறிய ஊர். 1972, 1973 ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் தலைமையில் அகழ்வு நடந்தது. அங்கே கிடைத்த சுமார் 160 பேரின் எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்து, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தேயா மோல்சன் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். கால் பெருவிரல் மூட்டு சிதைந்திருக்கிறது. முழங்காலிலும் முதுகெலும்பிலும் பாரத்தின் தடயங்கள். தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, சேணக் கல்லில் முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்த உடம்புகள் இவை. பெரும்பாலும் பெண்களுடையவை.

அரைத்தது மாவு மட்டுமில்லை, கல்லும் சேர்ந்துதான். அம்மி கொத்தினவுடன் கொஞ்சம் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் நம் வீடுகளில் மிளகாயை வைப்பார்கள். கல்துகள் பல்லில் நறநறக்கும் என்பது அரைக்கிறவர்களுக்குத் தெரியும். அபூ ஹுரைராவில் அந்தத் துகளும் உடைபடாத முரட்டுத் தானியமும் தினசரி உணவு. பற்கள் தேய்ந்தன, சில உடைந்தன. எனாமல் தேய்ந்தால் உள்ளே இருக்கும் மென்மையான தந்தினி வெளிப்படும்; அதுவும் போனால் கூழ் திறந்து சீழ்க்கட்டி வைக்கும். அந்த வலியோடுதான் மறுநாளும் அரைத்திருக்க வேண்டும்.

கார்டன் சைல்டு இதற்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயர் வைத்தார். நம் இடதுசாரி வாசிப்பில் இது உபரியின் பிறப்பு, வர்க்கத்தின் முன்கதை. உபரியைக் கணக்கிட்ட நாம் அந்த உபரியை யார் மாவாக்கினார்கள் என்று கேட்டதில்லை. விதைத்ததும் அறுத்ததும் உற்பத்தி என்ற சொல்லுக்குள் வந்துவிட்டன, அரைத்தது சமையலாகிப்போச்சு.

கதை இங்கே முடியவில்லை. சல்லடை வந்தது, பிறகு மண்பானை வந்தது. தானியத்தை ஊறவைத்துக் கூழாகக் காய்ச்ச முடிந்தது. பல் தேய்வது குறைந்தது, சொத்தை கூடியது. மென்மையான மாவுச்சத்து பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ள, வாயிலிருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக்கும், அமிலம் பல்லை அரிக்கும். தொழில்நுட்பம் ஒரு வலியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சிலரின் முன்பற்களில் மட்டும் பள்ளக் கோடுகள் இருக்கின்றன. கூடை முடைவதற்காக நாரையோ பிரம்பையோ பல்லில் கடித்து இழுத்த தடம் என்கிறார் மோல்சன். அப்படியானால் பல் ஒரு கருவியாக, மூன்றாவது கையாக இருந்திருக்கிறது.

இதை வைத்து 'விவசாயம்தான் பல்லைக் கெடுத்தது, அதற்குமுன் ஆரோக்கியமான சொர்க்கம்' என்று இன்னொரு பெருங்கதையாடலைக் கட்டுகிறவர்கள் உண்டு. மொராக்கோவின் டாஃபோரால்ட் குகை அவர்களுக்கு இடைஞ்சல். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் விவசாயிகள் இல்லை; ஓக் மரக் கொட்டைகளைச் சேகரித்து உண்டவர்கள். 2014இல் வெளியான ஆய்வின்படி, வயதுவந்தோர் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. ஆகவே கலப்பையைக் குற்றம் சொல்வதைவிட, ஒட்டும் மாவுச்சத்து வருஷம் முழுக்க வாயில் இருந்ததா என்று பார்ப்பதுதான் நியாயம்.

இன்னொரு சர்ச்சை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல விவசாயச் சமூகங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சொத்தை அதிகம். சமைக்கிறவள் அடிக்கடி கொறிக்கிறாள், இறைச்சி ஆணுக்குப் போகிறது என்று உணவுப் பங்கீட்டைக் காரணம் காட்டிவந்தார்கள். ஜான் லூகாக்ஸ் (நம் ஜார்ஜ் லூகாச் அல்ல, ஹரப்பா மக்களின் பற்களை ஆராய்ந்தவர்) 2008இல் அது மட்டும் போதாது என்றார். விவசாயத்தோடு பிள்ளைப்பேறு கூடியது. கர்ப்பகாலத்தில் ஹார்மோனும் உமிழ்நீரும் மாறுகின்றன. அதனால்தான் பெண்ணின் பல் கெடுகிறது என்பது அவர் வாதம். வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 'உயிரியல்' என்று சொன்னவுடன் பலருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. ஒருத்தி எத்தனை முறை கர்ப்பமாக வேண்டும் என்பதை அவளது உமிழ்நீரா தீர்மானித்தது?

அபூ ஹுரைராவுக்கு இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது. தப்கா அணை கட்டப்பட்டதால்தான் அங்கே அவசர அகழ்வே நடந்தது. 1970களில் யூப்ரடீஸ் நீர் தேங்கி ஆஸாத் ஏரியானபோது மேடு மூழ்கியது. அதைச் சுற்றி உழுதுகொண்டிருந்த விவசாயக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன.