வயர்லெஸ் எஞ்சின் சைக்கிளில் ஏறிய கதை

1946. போர் முடிந்து ஓராண்டு. குண்டுவீச்சில் கருகிய ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் ரயிலில் ஏற இடம் கிடைக்காது. அரிசியும் கிழங்கும் வேண்டுமென்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிராமங்களுக்குப் போயாக வேண்டும். சொய்சிரோ ஹோண்டாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பிஸ்டன் ரிங் தயாரித்த தன் கம்பெனியை டொயோட்டாவிடம் விற்றுவிட்டு, ஒரு வருடம் சும்மா இருக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். கொல்லரின் மகன், அப்பா சைக்கிளும் பழுது பார்த்தவர். சும்மா இருக்கிற ஆளா?

நண்பர் ஒருவரிடம் சின்ன எஞ்சின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதற்காக மிக்குனி நிறுவனம் செய்த ஜெனரேட்டர் எஞ்சின் அது. ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள், இனி அதற்கு என்ன வேலை? ஹோண்டா அதைச் சைக்கிளில் மாட்டிப் பார்க்க முடிவு செய்தார். எரிபொருள் டாங்குக்கு வீட்டிலிருந்த வெந்நீர்க் குடுவையை எடுத்துக்கொண்டார். குளிர்காலத்தில் கதகதப்புக்காகப் படுக்கைக்குள் வைத்துக்கொள்வார்களே, அந்தக் குடுவை.

எஞ்சினை ஓட வைப்பது பெரிய காரியமில்லை. அதன் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதுதான் தலைவலி. முதலில் எஞ்சினை ஹேண்டில்பாருக்கு முன்னால் வைத்து, ரப்பர் உருளை ஒன்று முன்சக்கர டயரை உரசித் தள்ளும்படி செய்தார். சரிப்படவில்லை. உருளை வழுக்குவதும் டயர் தேய்வதும் அந்த முறையின் பிறவிக்குணம்.

இன்று பழைய பவர் டூல் மோட்டாரைக் கழற்றி மின்சார சைக்கிள் செய்கிறவர்களும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக அதன் சக்கரம் 160 சுற்று சுற்றினால் போதும். அறுபதில் ஒரு பங்காக வேகத்தைக் குறைத்தால்தான் இழுவை கிடைக்கும். டிரில்லிங் மெஷினுக்குள் கியர் ஏற்கெனவே இருப்பதால் அதை எடுத்தவருக்குப் பாதி வேலை மிச்சம். அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895-லேயே பின்சக்கரத்தின் நடுவில் மின்மோட்டாரை வைத்துக் காப்புரிமை வாங்கினார். அவர் கியரே வைக்கவில்லை. அதனால் 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பேட்டரி பாவம்!

ஹோண்டா உருளையை விட்டுவிட்டு பெல்ட் போட்டுப் பின்சக்கரத்தை இழுத்தார். ஓட்டிப் பார்க்கும் வேலை மனைவி சாச்சிக்கு வந்தது. இருப்பதிலேயே நல்ல கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கூட்டமான தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார் அவர். திரும்பியபோது கால்சட்டை முழுக்க எண்ணெய். வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று சாச்சி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கார்புரேட்டர் எண்ணெயைத் திருப்பித் துப்பியிருக்கிறது. அதன் பிறகு ஹோண்டா அதைச் சரிசெய்தார். பின்னால் பிறந்த ஹோண்டா கம்பெனியின் முதல் தரச்சோதனை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெட்ரோலுக்கோ கட்டுப்பாடு. பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள்; புகைக்கும் நாற்றத்துக்கும் குறைவில்லை. இருந்தும் நகோயா, ஒசாகா, டோக்கியோ என்று வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அது எழுப்பிய சத்தத்தை வைத்தே ஜனங்கள் அதை ‘பட்டா பட்டா’ என்றார்கள். சுமார் 500 எஞ்சின்கள்தான் கையிருப்பு. அவை தீர்ந்ததும் ஹோண்டா சொந்தமாக எஞ்சின் செய்தே ஆக வேண்டிய நிலை. 1947-இல் ‘ஏ டைப்’ வந்தது, 50 சிசி, அரைக் குதிரைத்திறன். மறு ஆண்டு செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது.

1952-இல் வந்த ‘கப்’ எஞ்சினை விற்க, கூட்டாளி தக்கியோ ஃபுஜிசாவா ஒரு தந்திரம் செய்தார். மோட்டார் கடைகளை விட்டுவிட்டு, நாடெங்கும் இருந்த 50,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டார். அதே ஆண்டு, அதே ஹமாமட்சு வட்டாரத்தில், தறி செய்துகொண்டிருந்த சுசுகியும் ‘பவர் ஃப்ரீ’ என்ற 36 சிசி சைக்கிள் எஞ்சினுடன் சந்தைக்கு வந்தது.

அந்த ஊரில் ஆர்கன் செய்து தொடங்கிய இன்னொரு கம்பெனி யமஹா. அதிலிருந்து பிரிந்து தனிக் கம்பெனியான யமஹா மோட்டார் 1993-இல் ‘பாஸ்’ என்ற மின்சார சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கிற அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும்; மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். ஜப்பானியச் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள்தான், ஓட்ட லைசென்ஸ் வேண்டாம்.