அலைகளுக்கு இட்ட முத்திரை

சந்தையிலே பண்டம் நிறுக்கும் வணிகனின் படிக்கல்லில் அரசாங்க முத்திரை இருத்தல் வேண்டும் என்பது பழைய நியதி. கல்லின் நிறை சரியா என்பதை வாங்குவோன் அளந்தறிய இயலாது. ஆதலால் வேறொருவர் அவனுக்காக முன்கூட்டியே அளந்து முத்திரை இடுகின்றார். கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைப் பரப்பும் கருவிகளுக்கும் இத்தகைய முத்திரை உண்டு. புத்தளம் முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில், கடைகளிலும் பாடசாலைகளிலும் இன்று காணப்படும் வை-பை கருவிகளின் அடியில் சிறு சீட்டொன்று ஒட்டப்பட்டிருக்கும். அச்சீட்டின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு நிற்கின்றது.

கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் பயன்பட்டவை பொறியால் அலை எழுப்பும் கருவிகள். ஒரு கருவி பேசினால் அயலிலுள்ள கருவிகளின் பேச்சும் குழம்பிவிடும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கப்பல் பத்திரமாக இழுத்து வரப்படுகிறது என்ற பொய்ச் செய்தி அப்பொழுது பரவியது. வெவ்வேறு செய்திகள் வானிலே கலந்து குழம்பியதே அதற்குக் காரணம் எனப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. நிலையத்துக்கும் இயக்குவோனுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றதோடு அது நிற்கவில்லை. கருவி எழுப்பும் அலை தூயதாகவும் கூரியதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. மனிதனைச் சோதித்த சட்டம் பொறியையும் சோதிக்கத் தொடங்கியது.

இலங்கையில் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பரீட்சார்த்த ஒலிபரப்புகள் பலவற்றை நடத்திப் பார்த்த பின்னரே, 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. வானொலிப் பெட்டி வைத்திருப்போரும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெற்ற காலத்தை முதியோர் மறந்திரார்.

1985இல் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. 2,400 மெகாஹெர்ட்ஸ் அருகிலுள்ள அலைவரிசை உட்பட மூன்று பகுதிகளை, பயன்படுத்துவோர் தனி அனுமதி பெறாமலே கையாளலாம் என ஐக்கிய அமெரிக்கா திறந்துவிட்டது. ஆயினும் கருவியின் வலு குறித்த எல்லையைத் தாண்டலாகாது; விற்பனைக்கு முன் அது பரிசோதிக்கப்பட வேண்டும். வை-பை பிறந்தது இந்த வாயிலினூடாகவே. 1997இல் அதன் முதற் தரநியமம் வெளியாயிற்று. ஒருவர் செய்த கருவி மற்றொருவர் கருவியோடு பேசுமா எனச் சோதித்துச் சான்றளிக்கும் முறை 2000இல் தொடங்கியது. வீட்டுக்காரனிடம் அனுமதிப்பத்திரம் கேட்காத இடத்தில், பொறிக்கு அளித்த சான்று ஒன்றே வேலியாக நிற்கின்றது. இலங்கையில் இவ்வேலியைக் காப்பது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தை 1996இல் திருத்தி அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

அயலான் அலையைக் கெடுக்கலாகாது என்பது முதல் விதி. மனித உடலுக்கு ஊறு செய்யலாகாது என்பது அடுத்தது. இதனைப் புத்தளம் மாவட்டம் நேரிலே கண்டது. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலக் கரையில், வாய்ஸ் ஒப் அமெரிக்கா வானொலிக்கு அஞ்சல் நிலையம் அமைக்க முற்பட்டபோது, அங்குள்ள மீனவக் குடும்பங்கள் 1990களில் எதிர்த்து நின்றன. இலட்சக்கணக்கான வாற்று வலுவுடைய அலைகள் தங்கள் பிள்ளைகளையும் பிழைப்பையும் என்ன செய்யுமோ என அவர்கள் அஞ்சினர். நிலையம் அமைந்தது, 2016இல் அதன் ஒலிபரப்பு ஓய்ந்தது. மனித உடல் தாங்கத்தக்க அலைவலுவின் எல்லைகளைச் சர்வதேச வல்லுநர் ஆணைக்குழுவொன்று 1998இல் விரிவாக வெளியிட்டு, 2020இல் திருத்தியது. வை-பை கருவியின் வலு பொதுவாக ஒரு வாற்றின் பத்தில் ஒரு பங்களவே. எனினும் மீனவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அளந்தவர் யார், அளவு என்ன என்பதை அருகில் வாழ்வோர் அறிதல் வேண்டும்.

தீங்கு செய்யாத கருவி நன்கு உழைக்கும் என்பதற்கு உறுதி ஏது? 2000களின் நடுப்பகுதியில், தமிழ்நாட்டுத் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்துக் கண் நிலையங்களோடு வை-பை வழியாக இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் முனைந்தனர். சில நூறு அடிக்கென அமைந்த கருவி, பல கிலோமீற்றர் தூரத்தில் தடுமாறிற்று. செய்தி சேர்ந்தது என்ற மறுமொழி திரும்பி வருமுன், காத்திருக்கும் நேரம் முடிந்துவிடும். சென்ற செய்தியையே மீண்டும் மீண்டும் அனுப்பும். ஆய்வாளர் அந்நடைமுறையை மாற்றியமைத்த பின்னரே, நோயாளியின் முகத்தை மருத்துவர் தெளிவாகக் கண்டார்.

புத்தளம் களப்பைக் கடந்து கற்பிட்டிக்கு இணைப்பு அமைப்போருக்கும் இது பாடமாகும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை, நேரே வரும் அலையோடு மோதி அதனைத் தளர்த்தும். நீர்மட்டம் ஏறி இறங்க, அத்தளர்ச்சியும் மாறும். உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். நூற்றுக்கு 5 பங்கு உப்புக் கரைத்த நீரை, 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூடுபனியாகத் தெளித்து, அரிப்பைத் தாங்கும் ஆற்றலைச் சோதிக்கும் முறை ஆய்வுகூடங்களில் உண்டு. அச்சோதனையில் தேறிய கருவியையே இக்கரைக்குக் கேட்டு வாங்குதல் வேண்டும். பொருத்திய பின்னும், வாடைக்காற்றிலும் சோழகத்திலும் அளந்து பார்த்தல் வேண்டும். படிக்கல்லின் முத்திரையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாங்குவோனுக்கு உண்டு. கருவியின் சீட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையும் அவனுடையதே.